பாஸ்வேர்டை எடுப்பதா, கேட்காமல் செய்வதா?

செம்பூர் வீட்டில் அப்பாவின் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் போடும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும். அதை அவர் காலண்டர் ஓரத்தில் எழுதியே வைத்திருக்கிறார்; அப்புறம் பூட்டு எதற்கு?

கன்ட்ரோல் பேனலில் பாஸ்வேர்டையே நீக்கிவிடலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்டை நேரில் உட்கார்ந்து திறக்கத்தான் விண்டோஸ் விடும். அடுத்த அறை லேப்டாப்பிலிருந்து அந்தப் பெயரில், அப்பா கம்ப்யூட்டரில் பகிர்ந்து வைத்த ஷேர் ஃபோல்டருக்குள் நுழைய முடியாது.

இன்னொரு வழி, பாஸ்வேர்டு இருக்கட்டும், கேட்காமல் இருந்தால் போதும் என்பது. விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, என்-இ-டி-பி-எல்-டபிள்யூ-ஐ-இசட் என்று அடித்தால் ஒரு பெட்டி வரும். அப்பா பெயரைத் தொட்டு, மேலே உள்ள டிக்கை எடுத்து, ஓகே கொடுத்து, பாஸ்வேர்டை இரண்டு முறை அடிக்க வேண்டும். நிதானமாக அடியுங்கள். நான் இரண்டு முறையும் ஒரே தப்பை அடித்தேன். கம்ப்யூட்டர் அப்போது சும்மா இருந்துவிட்டு, மறுநாள் காலை அப்பாவிடம் முறைத்தது. ஸ்லீப்பிலிருந்து எழுப்பினாலும் கேட்கும். அதைப் பவர் ஆப்ஷன்ஸில் தனியாக நிறுத்த வேண்டும்.

சுற்று வழிதான். ஆனாலும் அப்பா கம்ப்யூட்டரில் உள்ள ஃபோட்டோக்களை லேப்டாப் வழியாக எடுக்க வேண்டியிருப்பதால் எங்கள் வீட்டில் இதுதான். வேறு கம்ப்யூட்டரோடு எதையும் பகிராத தனிக் கம்ப்யூட்டர் என்றால் முதல் வழியே சரி.