ராம்நாடு கரையிலிருந்து வெளியூர் மேட்ச்: பல சீசன் அலைச்சலின் ரிவ்யூ

சென்னையின் எஃப்சி என்ற கால்பந்து அணியின் ரசிகருக்குப் பாம்பனிலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ வீடு இருந்தால், ‘ஹோம் மேட்ச்’ என்று ஒன்று கிடையாது. பெரியமேடு நேரு ஸ்டேடியம் ராமேஸ்வரத்திலிருந்து சாலை வழியே 570 கிலோமீட்டர் வாக்கில். ராம்நாட்டிலிருந்து அளந்தால் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும் கொச்சி கலூர் மைதானம் அதைவிடப் பக்கம். எதிரணி வீடு கிட்டே, சொந்த வீடு எட்டாத் தூரம். அதனால் இந்த ரிவ்யூவில் சென்னையும் வெளியூர்க் கணக்கில்தான் வருகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தூரம் பெரிய பிரச்சினை இல்லை. ராத்திரி வண்டியில் படுத்துக்கொண்டு போவது இந்தக் கரைக்குப் பழகிய விஷயம். பயணத்தை நாசமாக்குவது கடைசி விசில் அடிக்கும் நேரம். இந்த அணி ஆடும் இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) 2023-24 சீசனில் பெரும்பாலான ஆட்டங்கள் இரவு 8 மணிக்குத் தொடங்கின. அடுத்த சீசனில் அது 7.30 ஆனது. டிவியில் பார்க்கிறவருக்கு அரை மணி வித்தியாசம், அவ்வளவுதான். எழும்பூரில் வண்டி பிடிக்க வேண்டியவருக்கு அது ஒரு முழு இரவின் வித்தியாசம். 7.30 ஆட்டம் இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்து 9.20, 9.25க்கு முடியும். 8 மணி ஆட்டம் பத்து மணியைத் தொடும்.

இப்போது வண்டிகளைப் பாருங்கள். எழும்பூரிலிருந்து சேது எக்ஸ்பிரஸ் மாலை 5.45 வாக்கில் கிளம்பும். நாமெல்லாம் இன்னும் போட் மெயில் என்றே சொல்லும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் 7.15 வாக்கில். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது வந்த தாம்பரம் - ராமேஸ்வரம் வண்டியும் மாலையில்தான். மூன்றுமே பந்து உருளும் முன்பே நகரத்தை விட்டுப் போய்விடும். அடுத்து மதுரைக்குப் பாண்டியன், 9.40 வாக்கில். ஸ்டேடியத்துக்கும் எழும்பூருக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் கேலரியிலிருந்து கேட்டுக்கு வெளியே வரவே 15 நிமிடம், ரோட்டில் ஆட்டோ நகராது, பையை கிளோக் ரூமில் போட்டிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். பாண்டியனை நம்பி டிக்கெட் போட்டவர்கள் 75ஆவது நிமிடத்திலேயே எழுந்து போவதைப் பார்க்கலாம். அறுநூறு கிலோமீட்டர் வந்துவிட்டு கடைசிக் கால் மணி நேரத்தை மொபைலில் பார்ப்பதற்கு, வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

5 மணி ஆட்டம் என்றால் பாண்டியன் தாராளம். காலை ஐந்தரை வாக்கில் மதுரை, அங்கிருந்து ராமேஸ்வரம் பாசஞ்சர். அதே 5 மணி ஆட்டத்துக்குப் போட் மெயிலில் டிக்கெட் போடுவது மட்டும் வேண்டாம். 6.50க்கு விசில், 7.15க்கு வண்டி என்று பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஒரு வீரர் காயம்பட்டு ஐந்து நிமிடம் கூடினால் கணக்கு முடிந்தது.

இரவு ஆட்டத்துக்கு எல்லா வழிகளையும் பார்த்த பிறகு நிற்பது ஒன்றுதான்: மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். எழும்பூரில் 11.30 வாக்கில் கிளம்பும், விடியும்முன் திருச்சியில் இறக்கும். அங்கே காலை 7 மணி வாக்கில் திருச்சி - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ். புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை வழியாக மதியத்துக்குள் கரைக்கு வந்துவிடலாம். முதல் வண்டியில் படுக்கை டிக்கெட் எடுங்கள். இரண்டாவதுக்கு சாதாரண டிக்கெட் போதும், திருச்சியிலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். நடுவே இரண்டு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். குளித்துப் பல் துலக்க அது சரியாக இருக்கும். நேரங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஐந்து பத்து நிமிடம் நகரும். எழும்பூர் மறுசீரமைப்பு வேலை தொடங்கிய பிறகு சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து விடுவதும் உண்டு. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்க்காமல் எழும்பூரில் போய் நின்று ஏமாறாதீர்கள்.

பஸ் நம்பிக்கையானதுதானே என்பார்கள். கோயம்பேடு இருந்தவரை அப்படித்தான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்ததிலிருந்து தெற்கே போகும் பஸ்கள் அங்கிருந்துதான். ஸ்டேடியத்திலிருந்து 30 கிலோமீட்டர். 9.25க்கு விசில் என்றால் பூங்கா ஸ்டேஷன் நடைமேடையில் நிற்க 9.55, புறநகர் ரயிலில் வண்டலூர் போய்ச் சேர பதினொன்று, அங்கிருந்து மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடித்து நிலையத்துக்குள் நுழைய 11.20. ஆகவே 10.30, 11 மணி ஆம்னி பஸ்ஸில் சீட் போட்டால் பணம் போச்சு. 11.45க்கு முன் எதையும் எடுக்காதீர்கள். கீழக்கரை, தொண்டிக்கு நேராகப் போகிற ஆம்னிகள் இருப்பது நிஜம்தான், ஆனால் அவை நம் மேட்ச்சுக்காகக் காத்திருப்பதில்லை. திருச்சி அல்லது மதுரை பஸ்ஸில் ஏறி மாறிக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிற காரியம்.

போகும்போது இவ்வளவு கஷ்டம் கிடையாது. முந்தைய நாள் மாலை போட் மெயிலோ, இரவு சேதுவோ ஏறினால் காலையில் எழும்பூர். சிக்கல் டிக்கெட் கிடைப்பதில். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. ஆட்ட அட்டவணையும் சீசன் முழுதுக்குமாக ஒரே தடவையில் வருவதில்லை. 2025இல் சீசன் எப்போது தொடங்கும் என்பதே மாதக்கணக்கில் தெரியாமல் கிடந்தது. அட்டவணை வந்த அன்றே போடுங்கள், தள்ளிப்போனால் ரத்துக் கட்டணத்தோடு போகட்டும். ராம்நாட்டில் ஏறுபவர்களும் ராமேஸ்வரத்திலிருந்து டிக்கெட் போட்டு, ஏறும் இடத்தை ராமநாதபுரம் என்று மாற்றிக்கொண்டால் டிக்கெட் உறுதியாகும் வாய்ப்பு கூடும். புறப்படும் ஊரின் ஒதுக்கீடுதான் பெரிது, நடு ஸ்டேஷன்களின் காத்திருப்புப் பட்டியல் மெதுவாகத்தான் நகரும். இடத்தை மாற்றாமல் நடுவில் ஏறினால் பரிசோதகர் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். தட்கல் என்றால் முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. ஆதார் இணைக்காத கணக்கில் இப்போது தட்கல் எடுக்க முடியாது, அதை மேட்ச் வாரத்தில் உட்கார்ந்து செய்யாதீர்கள்.

இன்னொரு தொல்லையை எந்தப் பயணத் திட்டத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். கால்பந்து சீசனும் ஐயப்பன் சீசனும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. கார்த்திகை முதல் தை வரை கோட்டயம் பக்கம் போகும் வண்டிகள் நிரம்பியிருக்கும். சபரிமலை போய்வருகிறவர்கள் அப்படியே ராமேஸ்வரமும் வருவதால் நம் பக்கத்து வண்டிகளும் நிரம்பும். தை அமாவாசைக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் எதையும் நினைக்கவே வேண்டாம்.

அப்புறம் காற்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, அதாவது சீசனின் முதல் பாதி முழுக்க. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது; வண்டி மண்டபத்தில் நிற்கும். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை அந்தப் பாலத்தில் ரயிலே ஓடவில்லை, தீவுக்காரர்கள் மண்டபம் வரை பஸ்ஸில் வந்து ஏறினார்கள். இப்போது புதுப் பாலம். ஆனாலும் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருக்கிறதென்றால் பெட்டியோடு ராம்நாட்டுக்கு முன்னமே வந்து அங்கேயே ஏறுவது புத்தி. மழை வலுத்தால் ஆட்டமே ஊர் மாறும். 2015 வெள்ளத்தின்போது சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேக்குப் போனது. சென்னை 3-0 என்று ஜெயித்த ஆட்டம் அது.

ஸ்டேடியத்துக்குள் பை விடமாட்டார்கள். பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், சில்லறை, லைட்டர், ஹெல்மெட் எதுவும் கூடாது. காலையிலேயே இறங்கி இரவுவரை ஊரில் இருக்க வேண்டிய நமக்கு இது பெரிய இடி. வழி: எழும்பூர் கிளோக் ரூம். அங்கே பூட்டுப் போட்ட பையை மட்டும்தான் வாங்குவார்கள், ரயில் டிக்கெட்டும் காட்ட வேண்டும். ஜிப்பில் மாட்டும் சின்னப் பூட்டு ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வெளியில் வாங்கினால் இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். பவர் பேங்கும் பையோடு போய்விடுவதால் போன் சார்ஜை மிச்சம் பிடியுங்கள். நுழைவுச் சீட்டும் திரும்பும் டிக்கெட்டும் போனுக்குள்தான். இரண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னொருவர் போனிலும் வைப்பது நல்லது. உள்ளே இருபதாயிரம் பேர் சேர்ந்தால் நெட் படுத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு பார்க்கக் கிடைப்பது என்ன? சென்னையிலும் பெங்களூரு கண்டீரவாவிலும் மைதானத்தைச் சுற்றி ஓடுதளம். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிர்க் கோல் யார் அடித்தது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காசு கொஞ்சம் கூடினாலும் பக்கவாட்டு கேலரியின் மேல் வரிசையே சரி. ஆதரவாளர் கூட்டத்தோடு கத்த வேண்டும் என்றால் அது வேறு கணக்கு.

கொச்சிக்கு வருவோம். பஸ் வழி: ராம்நாடு, மதுரை, தேனி, குமுளி, கோட்டயம், எர்ணாகுளம். மதுரையில்தான் முதல் சிக்கல். ராம்நாடு பஸ் மாட்டுத்தாவணியில் விடும், தேனி, குமுளி பஸ்கள் ஆரப்பாளையத்தில் நிற்கும். நடுவே ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். பகலில் டவுன் பஸ் உண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. குமுளிக்கு அப்புறம் பீர்மேடு, முண்டக்கயம் வரை மலை வளைவு. வாந்தி வருகிறவர் முன் சீட்டில் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிடாமல் ஏற வேண்டும்.

ரயில் இப்போது இதைவிட நல்லது. மதுரையோடு நின்றுவந்த அமிர்தா எக்ஸ்பிரஸ் 2025 அக்டோபரில் ராமேஸ்வரம் வரை நீண்டது. திரும்பும்போது எர்ணாகுளம் டவுனுக்கு, அதாவது நார்த் ஸ்டேஷனுக்கு, நள்ளிரவைத் தாண்டி வரும். பாலக்காடு, பழனி, மதுரை வழியாக மறுநாள் மதியம் ராமேஸ்வரம். விசில் நேரத்துக்கும் வண்டி நேரத்துக்கும் இவ்வளவு பொருத்தம் வேறு எந்த ஊரிலும் கிடைக்காது. அதுவும் எதிரணி ஊரில்! ஒரே ஒரு பொறி: வண்டி 12 மணிக்கு மேல் வருவதால் தேதி மாறிவிடும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஞாயிறு தேதியில் டிக்கெட் எடுக்க வேண்டும். சனி என்று போட்டால் நீங்கள் கொச்சிக்கு வந்து சேரும் முன்பே அந்த வண்டி போயிருக்கும். மைதானத்திலிருந்து நார்த்துக்கு மெட்ரோவில் கலூர், அடுத்து டவுன் ஹால், இரண்டே நிறுத்தம். மேட்ச் முடிந்ததும் ஸ்டேடியம் மெட்ரோவில் வரிசை கேட்டுக்கு வெளியே நீளும். கையில் இரண்டு மணி நேரம் இருப்பதால் நடந்தே போய்விடலாம், மூன்று கிலோமீட்டருக்குள்தான். நீல ஜெர்சியின் மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். அடிதடிக்குப் பயந்து இல்லை. ஜெயித்திருந்தால் கிண்டல் நாலு மடங்கு, தோற்றிருந்தால் எட்டு மடங்கு. விருந்தணி கேலரியைக் கூட்டம் கலையும்வரை நிறுத்தி வைப்பதும் உண்டு, அந்த அரை மணியையும் கணக்கில் சேருங்கள்.

பெங்களூரு பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மைசூரு - தூத்துக்குடி வண்டி ஒன்பது மணி வாக்கில் அங்கிருந்து கிளம்பிவிடுகிறது, பிடிக்க முடியாது. மதுரை பஸ்தான், இரவு 11க்கு மேல்.

நமக்கு வாய்த்த ஆகச் சிறந்த கால்பந்து ஊர் கோயம்புத்தூர். சென்னை சிட்டி எஃப்சி 2018-19இல் ஐ-லீக் கோப்பையை வென்ற சீசனில் அங்கேதான் ஆடியது. மாலை 5 மணி ஆட்டம், 7 மணிக்கு வெளியே, சிங்காநல்லூரில் மதுரை பஸ், விடிவதற்குள் ராம்நாடு. அந்த அணி இப்போது இல்லை. அதே அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் குமரி மாவட்டத்து மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறைக்காரர். அதனால் நம் கரையில் அந்த ஆட்டங்களுக்குத் தனிப் பாசம் இருந்தது.

கடல் தொழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தால் ஒரு தங்கல், அதாவது ஒரு கடல் நடை, போச்சு, திரும்பி வந்து சேரும் அலுப்பில் திங்களும் சந்தேகம். வியாழன், வெள்ளி ஆட்டங்கள்தான் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் எல்லாரும் கரையில் சும்மா இருக்கும்போது ஐஎஸ்எல் பெரும்பாலும் முடிந்திருக்கும். யார் போட்ட அட்டவணையோ!

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு. தேங்காய் சேர்ந்த சோறு, சட்னி எல்லாம் மறுநாள் காலை கெட்டிருக்கும். கீழக்கரைக்காரர்கள் தொதல் என்ற இனிப்பைக் கட்டிக்கொள்கிறார்கள், அது நாலு நாளுக்கும் தாங்கும். ஆட்டம் முடியும் நேரத்தில் பெரியமேடு பக்கம் பிரியாணிக் கடைகள் திறந்திருக்கும், ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டால் மலைக்கோட்டைக்கு ஓட வேண்டியிருக்கும். பொட்டலம் கட்டி வாங்குங்கள்.

கடைசிப் பதினைந்து, இருபது கிலோமீட்டர்தான் அதிகம் ஏமாற்றுவது. சென்னையில் ஒரு நாள் தங்கி மறுநாள் சேதுவில் வந்தால் ராம்நாட்டில் இறங்குவது அதிகாலை மூன்று மணி வாக்கில். கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், பெரியபட்டினம் எதற்கும் அப்போது டவுன் பஸ் கிடையாது. தனியாக ஆட்டோ பிடித்தால் சென்னை ஸ்லீப்பர் டிக்கெட்டை நெருங்கும் வாடகை கேட்பார்கள். நாலு பேராகச் சேர்ந்து முன்பே ஊர் ஆட்டோக்காரரிடம் பேசி வையுங்கள், இல்லையென்றால் ஸ்டேஷனிலேயே முதல் பஸ்வரை படுத்திருங்கள். பைக்கை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுப் போகிறவர்கள் கிளம்பும் முன் பெட்ரோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் ஊருக்குள் பங்க் தேடுவது வீண் வேலை.