‘ஒரே கம்ப்யூட்டர், மூணு பேர் ரிமோட்’ என்று விற்க வந்தால் உஷார்

கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்க் கடைகளில் கணக்கு பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியூரிலிருந்தே இன்டர்நெட் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் ‘ரிமோட்’ வசதி என்று எங்களுக்கு விற்ற கம்ப்யூட்டர் கடையின் ஆள், உங்கள் ஆபீசுக்கும் வந்திருக்கக்கூடும்.

எங்கள் கணக்கு கம்பத்தில், ஸ்டோர் வண்டன்மேட்டில். புற்றடியில் ஏலம் நடக்கும் நாளில் முதலாளி மலைமேல் இருப்பார், நான் கீழே பில் போடுவேன், ஸ்டோர்காரர் எடை பதிய வேண்டும். மூவருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் தனித்தனி யூசர் அக்கவுண்ட். "மூணு பேரும் ஒரே நேரத்துல ரிமோட்ல உட்காரலாம்ணே, லைசென்ஸ் எல்லாம் இதுலயே அடக்கம்" என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் 'ரிமோட் செட்டப்' என்று ஒரே வரி.

எங்களுடையது விண்டோஸ் 11 ஹோம். ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்கவே ஏற்காது. ப்ரோ ஏற்கும், ஆனால் ஒரு சமயத்தில் ஒருவர்தான். வேறு அக்கவுண்டில் ஒருவர் உள்ளே வந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர் திரையை விட்டுக்கொடுக்க வேண்டும். பலர் சேர்ந்து உட்கார விண்டோஸ் சர்வரும், ஆளுக்கொரு ரிமோட் லைசென்சும் வேண்டும். 18,000 ரூபாயில் அது நடக்கிற காரியமில்லை என்று விற்றவருக்குத் தெரியாதா என்ன?

அவர்கள் செய்தது, அந்த ஒரு-ஆள் கட்டுப்பாட்டை ஏமாற்றும் ஒரு இலவச ஒட்டுவேலை. மைக்ரோசாஃப்ட் லைசென்சுக்கு அது விரோதம். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபென்டர் பிடித்துவிடும் என்பதால் அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது, மறுப்பதற்கில்லை. அப்புறம் ஒரு விண்டோஸ் அப்டேட் வந்தது. ஏலம் நடக்கும் நாளில் மூவரும் வெளியே. போன் செய்தால், "அப்டேட்டை ஏன்ணே விட்டீங்க?" என்று நம்மையே கேட்டு, சரிசெய்ய மறுபடி பணம். அப்டேட்டையே நிறுத்திவைக்கச் சொன்னதுதான் உச்சம்.

தேனியில் ஐடி வேலை பார்க்கும் என் மச்சினனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒட்டுவேலைகூடப் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு வரும் வாசலை, இணையத்துக்கே திறந்து விட்டிருந்தார்கள். பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கும் புரோகிராம்களும், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்களும் முதலில் தட்டும் கதவு அது. மூவரின் அக்கவுண்டும் எல்லா அதிகாரமும் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர். தனித்தனி அக்கவுண்ட் என்பதற்கே அர்த்தம் போய்விட்டது, ஸ்டோர்காரர் நினைத்தால் முதலாளியின் ஃபோல்டரைத் திறக்கலாம். இதற்கு மேல், லாகின் திரையில் தெரியாமல் மறைத்த நான்காவது அக்கவுண்ட் ஒன்று. அது கடைக்காரர்களுடையது.

கூடவே, வேறிடத்திலிருந்து திரையைப் பார்த்து இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை எப்போதும் பின்னணியில் ஓடும் சர்வீஸாக நிறுவி, யாரும் அனுமதி தராமலே இணையும்படி ஒரு பாஸ்வேர்ட் வைத்திருந்தார்கள். இந்த மாதிரி நிறுவினால், எந்த யூசர் உட்கார்ந்திருக்கிறார் என்ற கணக்கே இல்லை. அந்த நேரம் மானிட்டரில் எது இருக்கிறதோ அதை அந்தப் பக்கத்து ஆள் பார்க்கலாம். முதலாளி நெட் பேங்கிங் திறப்பதும் இதே மெஷினில்தான். புரோகிராம்டேட்டாவுக்குள் எனிடெஸ்க் ஃபோல்டரில் 'கனெக்‌ஷன் ட்ரேஸ்' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், வந்த இணைப்புகளெல்லாம் அதில் பதிவாகும். நாங்கள் கூப்பிடாத ராத்திரி நேரங்களிலும் இணைப்பு இருந்தது. கேட்டதற்கு, "செக் பண்ணிருப்பாங்கண்ணே" என்றார்கள். பணம் எதுவும் போகவில்லை, அந்த மட்டில் பிழைத்தோம்.

அந்தக் கடைக்காரர்கள் உங்களுக்கும் இப்படி ஏதாவது போட்டிருந்தால், கமாண்ட் ப்ராம்ப்டில் 'net user' என்று அடித்துப் பாருங்கள். லாகின் திரையில் மறைத்து வைத்த பெயரும் பெரும்பாலும் அதில் வந்துவிடும். ரவுட்டரில் அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கும் போர்ட் ஃபார்வேர்டிங்கை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டுகளை வேறொரு மெஷினிலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கணக்கில் கை வைத்தது தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

நாங்கள் மெஷினைத் துடைத்து விண்டோஸை புதிதாகப் போட்டுவிட்டோம். ஸ்டோருக்கு ஒரு பழைய லேப்டாப் போயிற்று, எடை விவரம் சாயங்காலம் ஷீட்டாக வருகிறது. 18,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.