வேலை துவாஸில், பயிற்சி டோவருக்கு

சிங்கப்பூரில் லாரி ஓட்டுநர்களுக்கு "டீசல் சிக்கனம், சட்டம், பாதுகாப்பு, மூன்றும் ஒரே பேக்கேஜ்" என்று ஒரு பயிற்சி விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு அது போவதில்லை. நாலைந்து லாரி வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்காரர்கள், கட்டுமான சப்கான்கள் (துணை ஒப்பந்தக்காரர்கள்), இவர்களைப் பார்த்துத்தான் வருகிறது. போன் போட்டால் நல்ல தமிழில், "அண்ணே" என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் கம்பெனி ஆளுக்கு 380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டியது. அந்த நிறுவனத்தின் பெயரை ஏன் இங்கே போடவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பெயர் இல்லாமலே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எங்கள் தலைமை ஒப்பந்த நிறுவனமான மெயின் கான், புது புராஜெக்டுக்கு முன்னால், சைட்டுக்குள் வரும் எல்லா ஓட்டுநர்களும் பயிற்சி பெற்றதற்கு ஆதாரம் கேட்டது. பாஸுக்கு அவசரம். அந்த நேரம் பார்த்து அந்தப் பயிற்சி நிறுவனத்தின் விற்பனை ஆள் வந்தார். இரண்டு நாள் வகுப்பு, தமிழ்ப் பயிற்றுநர், எங்கள் லாரியிலேயே ஓட்டிக் காட்டி டீசல் அளந்து பார்ப்பது, அரசாங்கம் ஏற்றுக்கொண்ட சான்றிதழ். இவ்வளவும் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்: "இது இருந்தா பெயிண்ட், தின்னர் ஏத்துறதுக்குத் தனியா எதுவும் வேண்டாம்ணே." இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு ஊபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. பயிற்றுநருக்குத் தமிழ் தெரியாது. விற்பனைக்கு வந்த அதே தம்பிதான் மொழிபெயர்த்தார், அதுவும் அவருக்குப் போன் வரும் வரைக்கும். போன் வந்தால் வெளியே போய்விடுவார். அதுவரை எங்கள் பையன்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திரையில் ஓடியதுதான் வேடிக்கை. முதல் பக்கத்திலேயே, ஓட்டும் நேரத்தைப் பதியும் டாக்கோகிராஃப் கருவியின் படம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை 35 மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று அடுத்தடுத்து வந்தது. எல்லாம் நிஜமான விதிகள்தான், ஆனால் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும். யாரோ அங்கே தயாரித்த பாடத்தை அப்படியே எடுத்து, மூலையில் இவர்கள் லோகோவை ஒட்டியிருக்கிறார்கள். வேகக் கட்டுப்படுத்தி 90 கிலோமீட்டரில் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் வந்தது. எங்களில் மூத்த டிரைவர் கையைத் தூக்கினார்.

"சார், நம்ம லாரிக்கு 60 தானே?"

தம்பி உள்ளே வந்து மொழிபெயர்த்தார். பயிற்றுநர் ஏதோ சொன்னார். "கான்செப்ட் ஒண்ணுதானாம்ணே" என்றார் தம்பி. 60க்கும் 90க்கும் நடுவில் என்ன கான்செப்ட் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சரக்கோடு சேர்த்து அதிகபட்ச எடை 3,500 கிலோவுக்கு மேல் உள்ள லாரி, விரைவுச்சாலையில் பலகை 90 என்று காட்டினாலும் 60க்கு மேல் போகக் கூடாது. 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு வேகக் கட்டுப்படுத்தி முன்பிருந்தே கட்டாயம். இப்போது 3,501 முதல் 12,000 கிலோ வரை உள்ளவற்றுக்கும் கட்டங்கட்டமாகப் பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். வேகம் மீறுவது போன்ற தப்புகளுக்கு விழும் குற்றப்புள்ளி 24 மாதத்துக்குள் 24 சேர்ந்தால் ஓட்டுநர் உரிமம் 12 வாரம் முடங்கும். உரிமம் முடங்கிய டிரைவருக்கு வேறு வேலை கொடுக்காமல் ஊருக்கு அனுப்பும் கம்பெனிகளும் உண்டு. சட்டம் சொல்லித்தர வந்தவர்கள் இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்?

லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிரிட்டன் பாடத்தில் அது எப்படி இருக்கும்? இங்கே அதுதானே தினசரி வேலை. 2023 ஜனவரியிலிருந்து, ஆறு மணி நேரம் வேலை பார்த்த டிரைவர் ஆட்களை ஏற்றிக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும். டிரைவர் தூங்கி வழிகிறாரா என்று கவனிக்கப் பயணத்துக்கு ஒருவரைத் துணையாக நியமிக்க வேண்டும். எங்கள் பையன்களில் பாதிப் பேர் பகலில் சைட்டில் கம்பி கட்டிவிட்டுச் சாயங்காலம் டார்முக்கு (தங்கும் விடுதிக்கு) லாரி ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு இந்த விதி தெரிந்திருந்தால் சூப்பர்வைசரிடம் வாய் திறந்து கேட்க முடியும்.

பாதுகாப்புப் பகுதி இன்னும் மோசம். கப்பலில் ஏறுவதற்கு முன் டிரெய்லருக்குள் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பாருங்கள், பிரிட்டனின் டோவர் துறைமுகத்தில் சோதனை கடுமையாக இருக்கும் என்று ஓடியது. சிங்கப்பூர் வந்து ஒரு வருடமான எங்கள் பையன் ஒருவன் என் காதில் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, டோவர்ல எம்ஆர்டிதானே இருக்கு, கப்பல் எங்க வருது?" அவனுக்குத் தெரிந்த டோவர், இங்கே இருக்கும் எம்ஆர்டி ரயில் நிலையம்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை. நம் லாரிகள் மலேசிய எல்லையில் இருக்கும் துவாஸ், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிகளைத் தாண்டுகின்றன. அங்கே சரக்கோடு சரக்காகக் கடத்தல் சிகரெட் பெட்டி வந்தால் டிரைவர்தான் முதலில் மாட்டுவான். சீல் எண்ணை எப்படிச் சரிபார்ப்பது, சாவியை வண்டியில் விட்டுவிட்டு ஏன் இறங்கக் கூடாது, சந்தேகப்படும்படி ஏதாவது பார்த்தால் போலீசுக்கு எப்படித் தகவல் கொடுப்பது, எதுவும் கிடையாது. 2016ல் பெர்லினில் நிறுத்தியிருந்த லாரியை ஒருவன் கடத்தி, அதன் டிரைவரையும் கொன்றுவிட்டுச் சந்தைக் கூட்டத்துக்குள் விட்டான். அதைச் சொன்னாலே சாவி விஷயம் பையன்களுக்குப் புரிந்துவிடும்.

டீசல் சிக்கனத்துக்கு வருவோம். "எங்கள் லாரியில் ஓட்டிக் காட்டுவது" கடைசியில் என்ன ஆனது தெரியுமா? பயிற்றுநரின் சொந்த ஆட்டோ கியர் காரில் மூன்று மூன்று பேராக ஏற்றி, கார்நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்தார். அளவுமானி எதுவும் இல்லை. அதில் அவர் கொடுத்த ஒரே யோசனை, இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டினால் டீசல் மிச்சம் என்பது. இது தவறு, ஆபத்தும்கூட. இப்போதைய டீசல் எஞ்சினில் கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும். ஓடும் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வைக்கிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகவே டீசல் குடிக்கும். எஞ்சின் பிரேக்கும் போய்விடும். கல் ஏற்றிய லாரியை மேம்பால இறக்கத்தில் இப்படி உருட்டினால் பிரேக் சூடேறி என்ன ஆகும் என்று டிரைவர்களுக்குத் தெரியும். நல்லவேளை, எங்கள் மூத்த டிரைவர் அன்று ராத்திரி டார்மில் எல்லோரையும் உட்கார வைத்து, "அதைக் காதுல வாங்காதீங்கடா" என்று சொல்லிவிட்டார்.

உண்மையில் மிச்சம் பிடிக்கிற இடம் வேறு. சாப்பாட்டு நேரத்தில் ஏர்கானுக்காக எஞ்சினை ஓடவிடுவது, காற்றுக் குறைந்த டயர், முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தும் மிதித்துக்கொண்டே போய்க் கடைசியில் பிரேக் அடிப்பது. டீசல் வரி 2017ல் லிட்டருக்கு 10 காசு, 2019ல் 20 காசு. பாஸுக்கு இது கணக்கு. நின்ற வண்டியில் காரணமில்லாமல் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட. அதையும் யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் என்றது ஒரே நாளில் மத்தியானத்துக்கு மேல் முடிந்தது. அப்புறம் வருகைப் பதிவுத் தாள் வந்தது. இரண்டு தேதி, இரண்டு கட்டம், இரண்டிலும் கையெழுத்து போடச் சொன்னார்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். வராத நாளுக்குக் கையெழுத்து கேட்டால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். 2017ல் ஒன்பது கம்பெனிகளை வைத்துப் பொய்க் கணக்குக் காட்டி, பயிற்சிக்கு மானியம் தரும் அரசு அமைப்பான ஸ்கில்ஸ்பியூச்சரிடமிருந்து கிட்டத்தட்ட 4 கோடி வெள்ளியைச் சுருட்டினார்கள். நடக்காத வகுப்புக்கு மானியம் கேட்டால், கையெழுத்து போட்ட தொழிலாளியையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வேலை அனுமதியில் வந்தவனுக்கு அந்தப் பயமே போதும். எங்கள் பையன்கள் ஒரு கட்டத்தில் மட்டும் போட்டார்கள். தம்பி முகம் மாறியது.

சான்றிதழ் பிடிஎஃப்பாக வந்தது. நீல முத்திரை, கியூஆர் குறி, எல்லாம் ஜோர். ஸ்கேன் செய்தால் அவர்கள் இணையப் பக்கத்துக்கே போகிறது. மெயின் கானின் சேஃப்டி ஆபீசர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "பாடத்தின் டிஜிஎஸ் எண் எங்கே?" என்று கேட்டார். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பாடமாக இருந்தால் டிஜிஎஸ் (TGS) என்று தொடங்கும் எண் இருக்கும். அரசின் மைஸ்கில்ஸ்பியூச்சர் இணையதளத்தில் தேடினால் பயிற்சி நிறுவனத்தின் பெயரோடு வரும். சான்றிதழை ஓப்பன்செர்ட்ஸ் என்ற இணையதளத்தில் சரிபார்க்கலாம். இவர்களுக்கு இரண்டும் இல்லை. கம்பெனிகளைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிந்த கம்பெனிதான், ஆனால் அது யார் வேண்டுமானாலும் பதியலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "மறுபயிற்சி கொடுக்கிறோம், பாதிக் கட்டணம்தான்" என்றார்கள். நாங்கள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போனோம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வைக்க முடியாது. அவர்களுக்கும் முடியாது, அதுதான் நமக்கு நல்லது. இரண்டு நாள் வகுப்பு என்று எழுதியிருந்த வாட்ஸ்அப் செய்தியும், ஒரு கட்டத்தில் மட்டும் கையெழுத்து இருந்த தாளின் போட்டோவும் போதுமானதாக இருந்தது. பேச்சுவார்த்தையிலேயே பெரும்பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள், பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. பாஸ் சரி என்றார். எனக்கு மனசில்லை, ஆனால் பணம் அவருடையது.

கடைசியாக அந்த பெயிண்ட் விஷயம். எளிதில் தீப்பற்றும் பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்றும் டிரைவருக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் தனி அனுமதி வேண்டும். வேறு எந்தப் பயிற்சிச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது. விபத்தோ சோதனையோ நடந்தால் டிரைவரும் கம்பெனியும் சேர்ந்து மாட்டுவார்கள். இந்த நீல முத்திரைத் தாளை நம்பி தின்னர் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், நாளைக் காலை வண்டி கிளம்புவதற்கு முன் அந்த டிரிப்பை நிறுத்திவிட்டு, அனுமதி உள்ள டிரைவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.