வாழப்பாடியில் 7 வருஷம்: ஊர் நல்ல ஊர், பஸ்தான் ஊருக்குள் வருவதில்லை

சேலத்தில் நான் வேலை பார்க்கிற கடையில் பில் போடும் தங்கச்சி போன வாரம் கேட்டாள். "அக்கா, கல்யாணம் முடிஞ்சதும் வாழப்பாடியில வீடு பார்க்கலாமான்னு யோசிக்கறோம். அம்மாபேட்டையில சொல்ற வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் எங்களால முடியாது. நீங்க அங்கதான இருக்கீங்க, ஊரு எப்படிக்கா?"

ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால், "யோசிக்காம வா, எங்க தெருவுலயே பார்த்துத் தர்றேன்" என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்டதற்கு முந்தின ராத்திரிதான் 9:40 மணிக்கு பஸ்காரர்கள் என்னை ஊருக்கு வெளியே பைபாஸில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஆறேழு நாள் ஆகிவிட்டது, இன்னும் நினைத்தால் சுருக்கென்றுதான் இருக்கிறது. இருந்தாலும் கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதே கேள்வியை இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நாங்கள் வந்தது 2018 ஆவணியில். எனக்கு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் கணக்கு வேலை. வீட்டுக்காரருக்கு ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலையில் வேலை. இரண்டுக்கும் நடுவில் ஊர் தேடினால் வாழப்பாடிதான் வரும். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஓமலூரில் என் அண்ணன் இருக்கிறார், அங்கேயே வரச்சொன்னார். ஆனால் அது மேற்கே, இவர் தினமும் ஆத்தூர் போக வேண்டியவர். மல்லூர் நாமக்கல் ரோட்டில். ஆத்தூர் ரோட்டில் சேலத்தை ஒட்டியிருக்கிற அயோத்தியாப்பட்டணத்தில் அப்போதே சேலத்து வாடகைக்குப் பக்கத்தில் சொன்னார்கள். வாழப்பாடியில் 2 ரூம், ஹால், பின்னால் துணி துவைக்கிற இடம், ஒரு முருங்கை மரம், எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய். அம்மாபேட்டையில் நாங்கள் இருந்த தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு 9,000 கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் அதை மறைத்தால் பாவம்.

காய்கறி விஷயத்தில் இந்த ஊரை அடித்துக்கொள்ள முடியாது. சுற்றிலும் தோட்டம். தக்காளியைக் காலையில் பறித்தால் 7 மணிக்கு ரோட்டோரத்தில் கிடைக்கும், காம்பு இன்னும் பச்சையாக இருக்கும். தண்ணீரும் பரவாயில்லை. போர் தண்ணீர் உப்பு, அதில் பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறோம். வடக்கே அருநூற்றுமலை, மழை பெய்து ஓய்ந்தால் மேகம் அதன் இடுப்பில் உட்கார்ந்திருக்கும். புழுதிக்குட்டையில் ஆணைமடுவு அணை நிரம்பினால் ஊரே குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரும். பேளூர் தான்தோன்றீஸ்வரர் கோயில் பக்கத்திலேயே. வசிஷ்ட நதிக்கரையில் இருக்கிற பஞ்சபூதத் தலங்கள் ஐந்தில் அது நிலத்துக்கு உரியது. பிரதோஷத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பி தோசை ஊற்ற நேரம் இருக்கும், அவ்வளவு பக்கம். வீட்டுக்காரருக்கு இன்னொரு பெருமை, காட்டுவேப்பிலைப்பட்டி கிரிக்கெட் மைதானம். 2020இல் அதன் திறப்பு விழாவுக்கு ராகுல் டிராவிட் வந்ததை இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் என்னை இந்த ஊரோடு சேர்த்தது பாக்கு. வரும்போது இதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. இந்தப் பக்கம் பெத்தநாயக்கன்பாளையம் வரைக்கும் பாக்குத் தோப்புகள் உண்டு. சீசனில் எங்கள் தெரு முனையில் பச்சைப் பாக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் சாக்கை விரித்து வட்டமாக உட்கார்ந்து தோல் உரிப்பார்கள். உரித்ததைப் பெரிய அண்டாவில் போட்டு வேகவைத்துக் களத்தில் காயப்போடுவார்கள். அந்த வேகிற வாசனை, துவர்ப்பும் ஈரமண்ணும் சேர்ந்த மாதிரி, சாயங்காலம் தெரு முழுக்க நிற்கும். முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். பத்துக் காய் உரிப்பதற்குள் கட்டைவிரலில் வெட்டிக்கொண்டேன். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்து, "கத்திய அழுத்தாத கண்ணு, காயத் திருப்பு" என்றார். அவர் விரலெல்லாம் கறை ஏறி நகக்கண் வரைக்கும் கருத்திருந்தது. இரண்டு நாளில் என் விரலும் அப்படி ஆகிவிட்டது. கடையில் கொலுசு எடுத்துக் காட்டும்போது ஒரு வாடிக்கையாளர் "என்னம்மா கையில?" என்று கேட்டார். "எங்க ஊர் பாக்குங்க" என்றேன். எங்க ஊர் என்று அன்றைக்குத்தான் முதல் தடவை வாயில் வந்தது. அம்மாபேட்டையில் 11 வருஷம் இருந்தேன், ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

சரி, இனி பைபாஸ்.

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் போகிற 136 கிலோமீட்டர் நாலு வழிச்சாலை எல்லோருக்கும் தெரியும். வழியில் இருக்கிற ஊர்களுக்குள் நுழையாமல் போக அங்கங்கே புறவழி போட்டார்கள். சாலை நாலு வழி. வாழப்பாடி உட்பட அந்தப் புறவழிகளை மட்டும் இரண்டு வழியாகவே போட்டார்கள். அதாவது, நடுவில் தடுப்போடு அகலமாக வேகமாக வருகிற வண்டியெல்லாம் ஊர்ப்பக்கம் வந்ததும் திடீரென்று எதிரும் புதிருமாக ஒரே ரோட்டில் ஓட வேண்டும். எத்தனை உயிர் போயிருக்கிறது என்று இந்த ரோட்டில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பஸ்காரர்கள் ராத்திரியில் எங்களை இறக்கிவிடுவது அந்த இடத்தில்தான்.

முறைப்படி ஊருக்குள் வர வேண்டிய பஸ் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துதான் போக வேண்டும். பகலில் வந்துவிடும். ராத்திரி 8:30க்கு மேல்தான் கூத்து ஆரம்பிக்கும். சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் நின்றால் முதல் பஸ்ஸில், "ஆத்தூர் மட்டும் ஏறுங்க, வாழப்பாடி பின்னாடி வர்ற வண்டியில வாங்க" என்பார்கள். பின்னாடி வருகிறவரும் அதையே சொல்வார். கிட்டத்து டிக்கெட் என்றால் வண்டி கிளம்புகிற வரை கீழேயே நிற்க வேண்டும், சீட் மிஞ்சினால் ஏற்றுவார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிற நாங்கள் என்னவோ ஓசியில் போகிற மாதிரி.

அன்றைக்கு தீபாவளி சீசன், கடையில் இருந்து கிளம்பவே 8 மணி ஆகிவிட்டது. மூன்று பஸ் ஏற்றவில்லை. நாலாவது பஸ்ஸில் ஏறும்முன் தெளிவாகக் கேட்டேன். "ஊருக்குள்ள போகுங்களா?" "போகும், ஏறுங்க." வீட்டுக்காரருக்கு போன் போட்டு பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கச் சொன்னேன். மேட்டுப்பட்டி சுங்கச்சாவடி தாண்டினதும் கண்டக்டர் எழுந்து வந்தார். "வாழப்பாடியெல்லாம் முன்னாடி வாங்க, பைபாஸ்லதான் நிக்கும்." கேட்டேன், சத்தம் போட்டேன். "நாலு பேருக்காக உள்ள போய்ட்டு வர முடியாதும்மா" என்றார்.

அந்த நாலு பேரில் ஒரு பாட்டி. கண் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருந்தார், கையில் ஒரு மஞ்சப்பை. கூட வந்தது பேரன், பதினைந்து வயசு இருக்கும். இறங்கினோம். பஸ் போனதும் ஒரே இருட்டு. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சரளைக்கல்லும் சரிவும்தான், நிற்க இடமில்லை. எதிரில் லாரி வந்தால் வெளிச்சம் கண்ணைக் குத்தும், போனால் காற்று புடவையை இழுக்கும். பாட்டி என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, ஊரு வந்துருச்சா?" என்று கேட்டார். ஊர் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. "வந்துருச்சுங்க பாட்டி" என்றேன். பேரனும் இன்னொரு பையனும் போன் டார்ச்சைத் தரையில் அடிக்க, நான் பாட்டியை நடத்திக் கூட்டிக்கொண்டு நடந்தோம். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் எதிரே வந்துசேர 20 நிமிஷம் ஆகிவிட்டது. பாட்டியையும் பேரனையும் முதலில் அனுப்பிவிட்டு நான் நின்றேன்.

இது ஒரு நாள் கதை இல்லை. 7 வருஷத்தில் எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். புகார் கொடுத்தோம். வண்டி நம்பர், தேதி, நேரம் எல்லாம் எழுதி, தெருவில் 40 பேர் கையெழுத்துப் போட்டு, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தோம். இரண்டு வாரம் எல்லா பஸ்ஸும் ஒழுங்காக உள்ளே வந்தது. மூன்றாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி.

அவர்கள் பக்கமும் இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். உள்ளே வந்து போனால் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போகும், பின்னால் வருகிற வண்டி முன்னால் போய்விடும், வசூல் குறைந்தால் அவர்களுக்குப் பேச்சு விழும். நல்லவர்களும் உண்டு. பெரியவர் ஒரு டிரைவர், பைபாஸில் இறக்கிவிட்டால்கூட நாங்கள் ரோட்டைக் கடக்கிற வரைக்கும் ஹெட்லைட்டைப் போட்டு வண்டியை நிறுத்தி வைப்பார். அவர் ரிட்டயர்ட் ஆகிவிட்டார் என்று கேள்வி. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2022 ஏப்ரல் 6இல் கும்பாபிஷேகம் நடந்த இதே ரோட்டில் இருக்கிற 146 அடி முத்துமலை முருகன் சிலையைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, அங்கே பஸ் நிற்கிறது, ஆள் ஏறி இறங்க நேரம் கொடுக்கிறார்கள். நிற்கட்டும், நானும் கிருத்திகைக்குப் போகிறவள்தான். அதே பொறுமையை ஒரு தாலுகாத் தலைநகரத்துக்குக் காட்டக்கூடாதா? வாழப்பாடி ராமமூர்த்தி பெயரால் டெல்லி வரைக்கும் தெரிந்த ஊர் இது. காவிரிக்காக 1991இல் மத்திய மந்திரி பதவியையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் ஊர். ராத்திரி 9 மணிக்கு அந்த ஊரின் பஸ் ஸ்டாண்ட் வெறிச்சென்று கிடக்கிறது.

ரயில் இருக்கிறதே என்பார்கள். சேலம் விருத்தாசலம் பாதையில் வாழப்பாடி கேட் ஸ்டேஷன் உண்டு. ஏறினால் சொகுசுதான், ஜன்னல் சீட், காற்று. ஆனால் ஓடுவதே சில வண்டிகள், நேரம் என் வேலைக்கு ஒத்துவரவில்லை. ஊருக்குப் போக வர வைத்துக்கொள்ளலாம், தினப்படிக்கு ஆகாது. சொந்தக் கார் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுங்கச்சாவடியில் 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு மாதப் பாஸ் உண்டு. டூவீலருக்குச் சுங்கமே கிடையாது. ஆனால் ராத்திரியில் அந்த ரோட்டில் ஸ்கூட்டரில் வர நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது தங்கச்சிக்குப் பதில். வேண்டாம் பாப்பா. காற்று, காய், வாடகை, அக்கம்பக்கம் எல்லாம் பார்த்தால் வாழப்பாடிதான் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், ஒன்றையும் அழிக்கவில்லை. ஆனால் நீயும் என்னை மாதிரி 8 மணிக்குக் கடையைவிட்டு இறங்குகிறவள். அயோத்தியாப்பட்டணத்தில் பார். வாடகை 2,000 கூட ஆகும், ஆகட்டும். டவுன் பஸ் உண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் இறங்கலாம். என் மகள் அடுத்த வருஷம் சேலத்தில் காலேஜ் சேரப் போகிறாள். அதை நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

அப்படியானால் நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்பாய். ஆனியில்தான் இன்னொரு 11 மாதத்துக்கு எழுதிக் கொடுத்தோம். வீட்டுக்காரம்மா வாடகையை ஏற்றவில்லை. "அந்த முருங்கையும் நீயும் போனா எனக்கு யாரு கண்ணு" என்று சொன்னார், அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட வந்தே ஆக வேண்டும், தெருவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பகலில் வாங்க. ஏறும்போது "வாழப்பாடி போகுமா" என்று கேட்காதே, எல்லோரும் போகும் என்றுதான் சொல்வார்கள். "பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா" என்று கேள், டிக்கெட்டிலும் அப்படியே போடச் சொல். முத்தம்பட்டி ஆஞ்சநேயர் கோயில் தாண்டினதும் எனக்கு ஒரு போன் போடு, நான் வந்து நிற்கிறேன்.