ஃப்ரேம் போட்ட 11ஆம் எண் ஜெர்சி: துணி பிரமாதம், தகடு சொதப்பல்

மெல்பர்னில் பழைய ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் மெல்பர்ன் கிளப்பில் ஆடிய ஜிம் ஸ்டைன்ஸின் ஜெர்சி நகலை 180 டாலர் கொடுத்து வாங்கினேன். ஹாலில் மாட்டி மூன்று மாதம் ஆகிறது.

முதலில் துணி. கை இல்லாத கருநீல ஜெர்சி, மேலே சிவப்பு. முதுகில் இருக்கும் 11ஐ ஒட்டாமல் தைத்திருக்கிறார்கள், நூல் ஓரத்தில்கூடப் பிரியவில்லை. முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கிறார்கள். சாயங்கால வெயில் பட்டால் பளபளத்து எண்ணே தெரியாது, அதனால் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

என் எரிச்சல் கீழே இருக்கிற பித்தளைத் தகட்டின் மேல்தான். 'மொத்தம் 244 ஆட்டங்கள்' என்று பொறித்திருக்கிறார்கள். மெல்பர்ன் கிளப்புக்கு அவர் ஆடியது 264. 244 என்பது 1987 முதல் 1998 வரை ஒரு வாரம்கூட உட்காராமல் தொடர்ந்து ஆடிய கணக்கு, உடம்போடு உடம்பு மோதுகிற இந்த ஆட்டத்தில் அது சும்மா வராது. கடைக்காரரிடம் சொன்னால் "இருபதுதானே வித்தியாசம்" என்கிறார்!

1991இல் வாங்கிய பிரவுன்லோ பதக்கம், அதாவது லீகின் அந்த வருஷச் சிறந்த ஆட்டக்காரர் விருது, தகட்டில் இருக்கிறது, சரி. 1987 எங்கே? அயர்லாந்தின் டப்ளினில் உருண்டைப் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர் 1984இல் 18 வயதில் இங்கே வந்து நீள்பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். மூன்றே வருஷத்தில் ஹாதார்ன் கிளப்புக்கு எதிராக இறுதிப்போட்டிக்கு முந்தைய ஆட்டம். கடைசி நொடிகளில் ஹாதார்னின் கேரி பக்கனாரா ஃப்ரீ கிக் எடுக்க நிற்கிறார், ஸ்டைன்ஸ் விதி மறந்து அவருக்கு முன்னால் குறுக்கே ஓடிவிட்டார். நடுவர் 15 மீட்டர் முன்னே தள்ளிக் கொடுக்க, எட்டாத தூரம் எட்டும் தூரமானது, ஆட்டம் முடிந்ததாகச் சைரன் அடித்த பிறகு உதைத்த பந்து கோலாகி மெல்பர்ன் 2 புள்ளியில் தோற்றது. 1964க்குப் பிறகு இறுதிப்போட்டியையே பார்க்காத கிளப் அது. அந்தத் தப்பைப் பண்ணியவர் நாலு வருஷத்தில் பிரவுன்லோ வாங்கினார், பிற்பாடு கடனில் தத்தளித்த அதே கிளப்புக்குத் தலைவராகவும் வந்தார், பிறகு புற்றுநோயோடு போராடிக்கொண்டே அந்தப் பொறுப்பைப் பார்த்தார். 2012இல் காலமானார். பதக்கத்தைத் தவிர இதில் ஒரு வரிகூடத் தகட்டில் இல்லை, ஓரத்தில் கடையின் போன் நம்பருக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

ஜெர்சிக்காக வாங்கலாம். வாங்கும்போதே தகட்டை ஒருமுறை படித்துவிடுங்கள், மாற்றித் தரக் கடைக்காரர் என்னிடம் இன்னும் 20 டாலர் கேட்கிறார்.