நிடரா, பிரபலா, பழைய .32-ஆ: சாளைக்கு எது?

மச்சானுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரர், காங்கேயம் பக்கம் ஊரைவிட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருக்கிறார். சுற்றிலும் தென்னை, பக்கத்துச் சாளை கூப்பிட்டால் கேட்காத தூரம். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்களே, அது நடந்த அடுத்த வாரமே மனு எழுதினவர். அடுத்த வருஷம் சிவகிரி பக்கம் ஒரு வயசான தம்பதிக்கும் அதே கதி ஆனதிலிருந்து அக்காவுக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டது. வி.ஏ.ஓ., தாசில்தார், ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று அவர் செருப்புத் தேய்ந்த கதை தனி. இப்போது கேள்வி, எதை வாங்குவது.

"மாப்ள, நிடருன்னு ஒண்ணு இருக்குதாமா. முப்பத்தஞ்சாயிரந்தானாம், கால் கிலோதான் எடையாம். அதையே வாங்கிப்போடலாமில்ல?" என்று போனில் கேட்டார். பன்னிரண்டு வருஷமாக ஒரு .32 (குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்) ரிவால்வரை வைத்துக்கொண்டு, எண்ணெய் போட்டு, புதுப்பித்து, தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைத்து ரசீது வாங்கிக் களைத்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. யூடியூபில் வெள்ளைக்காரன் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துச் சுட்டுக்காட்டுகிற கிளாக், டாரஸ் 9 எம்.எம். எல்லாம் நமக்கில்லை. 9 எம்.எம்., .38 எல்லாம் இங்கே தடைசெய்த ரகம், சாதாரண லைசென்ஸில் வராது. வெளிநாட்டுத் துப்பாக்கியை ஆளுக்காள் இறக்குமதி செய்வதும் எண்பதுகளிலேயே நின்றுபோனது. அதனால்தான் பழைய மிராசுதார் வீட்டு வெப்லியும் வால்தரும் இன்றைக்கும் கைமாறும்போது லட்சக்கணக்கில் போகின்றன. அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன், ஐம்பது அறுபது வருஷத்து ஸ்பிரிங் உடைந்தால் யாரிடம் போய் நிற்பது? மிச்சம் இருப்பது அரசுத் தொழிற்சாலைச் சரக்கும், இப்போது புதிதாகத் தலைகாட்டும் ஒன்றிரண்டு தனியார் சரக்கும். தனியார் சரக்கை நான் கையில் பிடித்துப் பார்த்ததில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

நிடர் 2016-இல் வந்த அரசுத் தொழிற்சாலை ரிவால்வர். .22 போர், எட்டுத் தோட்டா, எடை 250 கிராம். வந்தபோது சொன்ன விலை சுமார் 35,000 ரூபாய். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த நிர்பீக் என்ற .32 ரிவால்வர் 1.22 லட்சம் என்பதால், விலையைக் கேட்டதும் எல்லோருக்கும் கண் அதன்மேல்தான் போனது. கையில் எடுத்தால் உண்மையிலேயே விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது, சட்டைப் பையில் போட்டால் பை தொங்காது. குறை சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் இதையும் சொல்ல வேண்டும்: .22 தோட்டா மெல்லியது, சத்தம் குறைவு, கை உதறாது. புதிதாகப் பழகுகிறவனுக்குப் பயம் போக இதைவிட நல்ல தோட்டா கிடையாது.

ஆனால் மச்சான் வாங்குவது பழகுவதற்கல்ல. .22 குண்டு இரண்டரை கிராம் சொச்சம், .32 ரிவால்வர் குண்டு ஆறு கிராமுக்கு மேல். அதுவும் .22-இன் வேகமெல்லாம் நீளக் குழலில்தான் வரும், விரல் நீளக் குழலில் அவ்வளவு வராது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. .22 தோட்டாவுக்கு அடியில் நடுவே தீப்பொறி கொடுக்கும் கேப் கிடையாது, அந்தத் தீப்பொறி மருந்து விளிம்பைச் சுற்றித் தடவியிருக்கும், ஊசி அந்த விளிம்பில் அடிக்கும். எங்காவது ஓரிடத்தில் மருந்து சரியாகப் பரவாமல் போனால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரிவால்வர் என்பதால் மறுபடி அழுத்தினால் அடுத்த தோட்டா வந்து நிற்கும் என்பது ஆறுதல். இன்னொன்று, காலித் துப்பாக்கியை வீட்டில் வெறுமனே அழுத்திப் பழகுவோமே, அதை இந்த ரகத்தில் செய்யக் கூடாது. தோட்டா இல்லாவிட்டால் ஊசி குண்டறை விளிம்பிலேயே மோதி, நாளாக ஆக இரண்டும் கெடும். வருஷத்துக்கு இருபது முப்பது தோட்டாகூடச் சுடாத நம்மைப் போன்றவர்களுக்குக் காலித் துப்பாக்கிப் பழக்கம்தான் சோறு. அதுவும் இல்லையென்றால் எப்படி?

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கடைக்கு மச்சானையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் பழைய மாடல் .32 ரிவால்வரைத் திறந்து, ஆறு அறையும் காலி என்று காட்டி, டம்மி தோட்டா போட்டு அக்கா கையில் கொடுத்தார். பின்னாலிருக்கும் குதிரையை (சுத்தியலை) இழுக்காமல் நேராக ட்ரிக்கரை அழுத்தச் சொன்னார். அக்கா பால் கறக்கிற கை, பலத்துக்குக் குறைவில்லை, ஆனாலும் ஒரு விரலால் முழுசாக வரவில்லை. பாதியில் நின்றது, முனை ஆடி ஆடிச் சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து டியூப் லைட்டுக்குப் போனது. இரண்டு விரலைப் போட்டு 'டக்' என்று அழுத்திவிட்டு, "இதை அமுக்கறதுக்குள்ள நான் அருவாளைத் தேடி எடுத்துப்போடுவேன்" என்றார். கடைக்காரர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்த ஒப்பீட்டில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. காகிதத்தில் எத்தனை கிராம், எத்தனை மீட்டர் என்று போட்டிருந்தாலும், ராத்திரி இரண்டு மணிக்கு நாய் குரைக்கும்போது ட்ரிக்கரை முழுசாக அழுத்தியும் முனை அசையாமல் நிற்குமா என்பதுதான் கேட்க வேண்டியது. எடை குறையக் குறைய இது சுலபமாகும் என்று நினைக்கிறோம், நேர்மாறு. விரல் இழுக்கிற இழுப்புக்குத் துப்பாக்கியின் எடைதான் எதிரே நிற்க வேண்டும். கால் கிலோ சாமான் விரலோடு சேர்ந்தே வந்துவிடும்.

சரி, பழைய மாடல் .32. நான் வைத்திருப்பது இதுதான், அதனால் கொஞ்சம் பாசம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்து வெப்லியின் வாரிசு. மேலே உள்ள கொண்டியைத் தள்ளினால் குழல் முன்னால் மடிந்து, உருளையின் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எழும்பி ஆறு காலித் தோட்டாவையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளும். பார்க்க அழகு. இரண்டு சுட்டுவிட்டு நான்கு மிச்சம் இருக்கும்போது திறந்தால் அந்த நான்கும் சேர்ந்து காலடியில் கொட்டும் என்பதை நான் சுடும் தளத்தில் குனிந்து பொறுக்கித்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம், பயந்து பயந்து மெதுவாகத் திறந்தால் ஒரு காலித் தோட்டா அந்தத் தகட்டுக்கு அடியில் சறுக்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் மூடவும் முடியாது, நகத்தை விட்டு நெம்ப வேண்டும். முனையை மேலே தூக்கி ஒரே வீச்சில் திறக்க வேண்டும், பழக்கம்தான். இதெல்லாம் போக, பன்னிரண்டு வருஷத்தில் சுட வேண்டிய நேரத்தில் சுடாமல் நின்றது ஒரு தடவைகூட இல்லை. தோட்டாவும் எளிதாகக் கிடைக்கிறது. அடிப்பக்கம் கே.எஃப். என்று பொறித்த புனே பக்கத்துக் கட்கி அரசுத் தொழிற்சாலைத் தோட்டாவைக் கடைக்காரர் கேட்காமலே எடுத்து வைப்பார்.

நிர்பீக்கை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 2014-இல் கான்பூரில் செய்தது, பெண்களுக்கென்று சொல்லி விற்றார்கள், டைட்டானியம் கலவை, அரைக் கிலோ. அதே .32 தோட்டாவை எடை குறைந்த சட்டத்தில் போட்டால் உதைப்பு முழுக்கக் கைக்குத்தான் வரும். பழக்கமில்லாத கைக்கு இதைக் கொடுத்துவிட்டு 'உனக்காகச் செய்தது' என்று சொல்வதில் என்ன நியாயமோ. விலையும் பழைய .32-ஐவிட அதிகம். வேண்டாம்.

புதுசு என்றால் பிரபல். 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கான்பூர் அரசு நிறுவனம் வெளியிட்டது. முன்பு ஒரே வாரியமாக இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை 2021-இல் ஏழு கம்பெனியாகப் பிரித்தார்களே, அதில் நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் சேர்ந்த கம்பெனி அது. அதே .32 தோட்டா. குழல் 76 மில்லிமீட்டர், மொத்த நீளம் 177.6, தோட்டா இல்லாமல் எடை 700 கிராம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது 50 மீட்டர் தூரம், மற்றவை 20 மீட்டர்தான் என்று. அதற்கு நான் ஒரு மார்க்கூடப் போட மாட்டேன். 50 மீட்டர் என்றால் சாளை வாசலிலிருந்து கிணற்று மேடு. அந்தத் தூரத்தில் இருட்டில் நிற்பவன் திருடனா, தண்ணீர் மாற்ற வந்த பண்ணையத்து ஆளா என்றே தெரியாது, சுடுவதாவது.

எனக்குப் பிடித்தது உருளை பக்கவாட்டில் திறப்பது. மடிப்பு இல்லை, கீல் தேய்மானம் இல்லை, சட்டம் ஒரே துண்டு. திறந்து, கம்பியை நாமே அழுத்தினால்தான் தோட்டா வெளியே வரும், காலடியில் கொட்டாது. மிச்சம் இருப்பதை விட்டுவிட்டுக் காலியை மட்டும் விரலால் எடுத்துப் புதுசு போடலாம். காலிதானா என்று சரிபார்ப்பதும் ஒரு வினாடி வேலை. அதே கடையில் அக்கா இதையும் அழுத்திப் பார்த்தார், ஒரு விரல் போதுமாக இருந்தது. ஆனால் முனை ஆட்டம் இன்னும் இருக்கிறது. அது துப்பாக்கியின் குறை இல்லை.

பிஸ்டல் வேண்டும் என்று மச்சானுக்கு ஓர் ஆசை, சினிமா செய்த வேலை. அஷானி என்ற அரசுத் தொழிற்சாலை பிஸ்டல் நல்ல சாமான்தான், கொல்கத்தா பக்கத்துச் சரக்கு, தட்டையாக இருப்பதால் இடுப்பில் உறுத்தாது. இதுவும் .32 என்றுதான் சொல்வார்கள், ஆனால் தோட்டா வேறு: ரிவால்வருக்கு 7.65 x 23 மில்லிமீட்டர், பிஸ்டலுக்கு 7.65 x 17. குண்டு எடை குறைவு, வேகம் அதிகம், கடைசியில் அடி ஏறக்குறைய ஒன்றுதான். நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம், குழலுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கும். பேரப்பிள்ளைகள் முழுப் பரீட்சை லீவுக்கு வந்து மாதக்கணக்கில் ஆடுகிற வீட்டில் அந்த ஒன்றை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தோட்டா வெடிக்காமல் நின்றுபோனாலும், ரிவால்வரில் மறுபடி அழுத்தினால் போதும், இதில் மேல்சட்டத்தை இழுத்துத் தள்ளிவிட்டுத்தான் அடுத்தது. அதையெல்லாம் தூக்கக் கலக்கத்தில் செய்யக் கைக்குத் தானாக வர வேண்டும்.

விலைக் கணக்குக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். நிடரின் அந்தப் பழைய 35,000-ஐ வைத்துப் போட்டாலே 49,000 ஆகிறது. .32 ரகங்களில் இதையெல்லாம் சேர்த்தால் லட்சத்துக்கு மேல்தான். வித்தியாசம் பெரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டே போகும், ஒரு தடவை வாங்கினால் மகன் காலம்வரை கிடக்கும். ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், முன்பு மூன்று. அந்த இரண்டில் ஒரு இடத்தை .22-க்குக் கொடுப்பானேன்?

பழகத்தான் என்றால் .177 ஏர் பிஸ்டல் இருக்கிறது. குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸே வேண்டாம். முனை ஆடாமல் ட்ரிக்கர் அழுத்துவதை அதிலேயே கற்றுக்கொள்ளலாம், பத்து மீட்டர் இடம் களத்துமேட்டிலேயே இருக்கிறது. மயிலைச் சுட மட்டும் யாரும் எடுக்காதீர்கள், தக்காளி நாற்றைக் கொத்தினாலும் சரி, உள்ளே போய்விடுவீர்கள். தோட்டத்தை மேய வரும் காட்டுப்பன்றிக்கும் கைத்துப்பாக்கிக்கும் சம்பந்தமே இல்லை. அதற்குச் சட்டப்படி என்ன வழி என்று வனத்துறையிடம் கேட்க வேண்டும்.

மச்சான் யோசிக்காத ஒன்றைக் கடைக்காரர்தான் எடுத்துச் சொன்னார். லைசென்ஸ் மச்சான் பேரில். அவர் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் அக்கா எடுத்துச் சுட்டால் அது வேறு வழக்கு. அக்காவையும் லைசென்ஸில் சேர்க்க வேண்டும், இல்லை தனியாக மனுப் போட வேண்டும். பகலெல்லாம் சாளையில் தனியாக இருப்பது அக்கா. இதைக் கேட்டதும் மச்சான் முகம் சுருங்கிவிட்டது, மறுபடி வி.ஏ.ஓ.விலிருந்து ஆரம்பம்.

பிரபலுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். நிடர் ஆசை இன்னும் போகவில்லை, நேற்றுக்கூட "கால் கிலோதானே மாப்ள" என்றார். அக்கா தன் மனுவுக்கு போட்டோ எடுத்துவிட்டார். அதோடு வாசலுக்கு ஒன்று, கிணற்று மேட்டுக்கு ஒன்று என்று இரண்டு பெரிய லைட் போடச் சொல்லியிருக்கிறார், வயர் இழுக்க ஆள் வெள்ளிக்கிழமை வருகிறான்.