சிப்காட்டுல 'கன்சல்டன்ட்' வேலைனு கூப்பிட்டா உஷார், 38,400 ரூபாய் போச்சு

மாசம் 3,200 ரூபாய் வரின்னு (டிடிஎஸ்) பிடிச்சாங்க. பன்னிரண்டு மாசம், மொத்தம் 38,400. அதுல ஒத்த ரூபாகூட கவர்மென்டுக்குப் போகல. கேட்டா, "நீங்க எங்க ஸ்டாஃபே இல்லையே"ங்கறாங்க.

கம்பெனி பேரைப் போடல. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கற நடுத்தர யூனிட், அது போதும். ஷூவுக்கு வெட்டு வடிவம் போடற பேட்டர்ன் செக்ஷன்ல வேலை, மாசம் 32,000. 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும், சரியா ஒரு நிதியாண்டு.

ஆஃபர் லெட்டர் கேட்டதுக்கு ஸ்டாம்ப் பேப்பர்ல "ப்ரொஃபஷனல் சர்வீஸ் அக்ரிமென்ட்"னு ஒண்ணு வந்தது. ஏன் சார் இப்படின்னா, மேனேஜர் டீ வரவழைச்சு உக்கார வெச்சுப் பேசினாரு: "பேப்பர்லதான் தம்பி கன்சல்டன்ட். மத்தபடி நீ நம்ம ஆளு. மாசம் பத்து பர்சன்ட் டிடிஎஸ் பிடிப்போம், ரிட்டர்ன் போட்டா மொத்தமா கைக்கு வந்துடும். சீட்டு கட்டற மாதிரி வெச்சுக்கோயேன்." சீட்டு கட்டி ஏமாந்தவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்கற ஊர்ல இருந்துகினு, அந்த வார்த்தைக்குத் தலையாட்டினேன்.

அவர் சொன்னதுல பாதி நிஜம், அதனாலதான் சந்தேகமே வரல. வருஷத்துக்கு 3,84,000. 2024-25-க்குப் புது வரி முறையில 7 லட்சம் வரைக்கும் 87ஏ தள்ளுபடி இருந்தது. அதாவது வரி பூஜ்யம். பிடிச்ச 38,400 நிஜமாவே கட்டியிருந்தா, முழுசும் ரீஃபண்டா வந்திருக்கும்.

இங்கதான் ஒரு விஷயம் புரியணும். என்னை எம்ப்ளாயின்னு காட்டியிருந்தா, அந்த வருஷத்துக்குப் பொருந்தின 1961 வருமான வரிச் சட்டத்துல பிரிவு 192. அதுல முதலாளி முழு வருஷ வருமானத்துக்கு என்ன வரி வரும்னு கணக்குப் போட்டு, அதை மாசமாசம் பிரிச்சுப் பிடிக்கணும். சம்பளக்காரங்களுக்கான 75,000 நிலையான கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்ஷன்) வேற கழியும். வரி பூஜ்யம்னா பிடித்தமும் பூஜ்யம். 32,000 முழுசா கைக்கு வந்திருக்கும். கன்சல்டன்ட்னு பேரு மாத்தினதும் பிரிவு 194ஜே. அதுல வரி வருமா வராதான்னு யாரும் பார்க்கறதில்ல, பில் தொகையில நேரா 10 சதவீதம் வெட்டு. வேலை ஒப்பந்தக்காரர்னு 194சி-ல போட்டிருந்தாகூட தனி நபருக்கு 1 சதவீதம்தான், மாசம் 320. எந்தப் பேரு வெச்சா அதிகமா வெட்டலாமோ அந்தப் பேரு வெச்சிருக்காங்க. வெட்டினதைத்தான் கட்டல.

கன்சல்டன்ட்டோட லட்சணத்தையும் கேளுங்க. காலைல 8.30-க்கு விரல் வெச்சு பயோமெட்ரிக். மூணு நாள் லேட்னா அரை நாள் கட். லீவுக்குச் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கணும். பேட்டர்ன் போடற கம்ப்யூட்டர் மெஷின் (CAD), லாஸ்ட்ங்கற கால் அச்சு, கத்தி, கட்டிங் போர்டு எல்லாம் அவங்களுது. எனக்குப் பதிலா இன்னொருத்தரை அனுப்ப முடியாது, வெளி யூனிட்டுக்கு ஒரு பேட்டர்ன் போட்டுக் குடுக்கவும் முடியாது, அக்ரிமென்ட்லயே தடை. தொழில் பண்றவன் யாராவது இப்படி இருப்பானா?

பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் கோர்ட்டு பார்க்காது. 1956-ல உப்பளத் தொழிலாளிங்க வழக்குல, வேலையை எப்படிச் செய்யணும்னு சொல்ற அதிகாரம் யார் கையில இருக்குன்னு சுப்ரீம் கோர்ட் பார்த்தது. 1973-ல ஒரு தையல் கடை வழக்கு. பீஸ் ரேட்டுல தைக்கறவங்க, வந்து போற நேரம்கூட கண்டிப்பு இல்ல. ஆனா மெஷின் கடையோடது, சரியில்லன்னா திருப்பித் தைக்கச் சொல்ற உரிமையும் கடைக்காரருக்கு இருக்கு, அதனால அவங்க வேலையாட்கள்தான்னு தீர்ப்பு. அப்பர், அதாவது ஷூவோட மேல்பகுதி, தைக்கறவங்க நிறைஞ்ச ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் இந்தத் தீர்ப்பை எத்தனை பேருக்குத் தெரியும்?

பிஎஃப்ல போனது தனிக் கணக்கு. 15,000-க்கு மேல சம்பளத்துல முதல்முறையா சேர்றவங்களை விட்டுடலாம், ஆனா எனக்கு முந்தின கம்பெனியிலயே யுஏஎன், அதாவது பிஎஃப் உறுப்பினர் நம்பர், இருக்கு. ஏற்கெனவே உறுப்பினரா இருக்கறவனுக்கு 15,000 உச்சவரம்புல 12 சதவீதம், மாசம் 1,800 முதலாளி பங்கு போட்டாகணும். வருஷத்துக்கு 21,600. இஎஸ்ஐ வரம்பு 21,000 சம்பளம், அதைத் தாண்டிட்டதால அது மட்டும் பொருந்தாது. 38,400-ம் 21,600-ம் சேர்த்தா அறுபதாயிரம். கூட்டிப் பார்க்கும்போதே வயிறு எரியுது.

இனி அலைக்கழிச்ச கதை. நம்ம பேர்ல யார் எவ்வளவு வரி கட்டியிருக்காங்கன்னு காட்டற வரித்துறை அறிக்கைதான் 26ஏஎஸ். ஏப்ரல்ல அதைப் பார்த்தா காலி. "கடைசி காலாண்டுக்கு கம்பெனி போடற டிடிஎஸ் ரிட்டர்னுக்கு மே 31 வரைக்கும் டைம் இருக்கு தம்பி"ன்னாங்க. அது சரிதான், ஆனா முதல் மூணு காலாண்டு? அதெல்லாம் ஜூலை, அக்டோபர், ஜனவரி 31-க்கே முடிஞ்சிருக்கணும். ஜூன் 15-க்குள்ள, வரி பிடிச்சதுக்குச் சான்றா ஃபார்ம் 16ஏ குடுக்கணும். "ஆடிட்டர் ஊர்ல இல்ல." ஜூலையில ஒரு 16ஏ வந்தது, எக்ஸெல்ல அடிச்சது! வரித்துறையோட டிடிஎஸ் தளமான ட்ரேசஸ் முத்திரை இல்ல, சர்ட்டிஃபிகேட் நம்பர் இல்ல, வங்கிக் கிளையோட ஏழு இலக்க பிஎஸ்ஆர் கோடு போடற கட்டம் காலி. வரி கட்டின சலான் நம்பர் குடுங்கன்னேன். "போர்ட்டல் ஸ்லோவா இருக்கு, ஏறும்." அப்புறம் போனை எடுக்கல. நேர்ல போனா கேட்லயே நிறுத்தி, ஹெச்ஆர் பொண்ணு வந்து சொன்ன வார்த்தைதான் மேல எழுதினது: ஸ்டாஃபே இல்லையே, உங்களுக்கும் எங்களுக்கும் இன்னா பேச்சு, அக்கவுண்ட்ஸுக்கு மெயில் போடுங்க. ஒரு வருஷம் விரல் வெச்ச மெஷின் அந்தப் பொண்ணுக்குப் பின்னாடியே இருந்தது.

என் வருமான வரி ரிட்டர்ன்ல 38,400 பிடித்தம்னு காட்டினேன். ரிட்டர்னைச் சரிபார்த்து வரித்துறை அனுப்பற 143(1) அறிவிப்பு வந்தது: டிடிஎஸ் வரவு பூஜ்யம், ரீஃபண்ட் பூஜ்யம். பிடிச்சுட்டுக் கட்டலைன்னா அந்த வரியை மறுபடி உங்ககிட்ட கேட்கக் கூடாதுன்னு பிரிவு 205 சொல்லுது. எனக்கு வரியே இல்ல, அதனால அந்தப் பாதுகாப்பால என்ன பிரயோஜனம்? எனக்கு வேண்டியது ரீஃபண்ட். பணம் அரசுக்குப் போய்ச் சேராம அது வராது. பிடிச்ச வரியைக் கட்டாம வெச்சுக்கறது 276பி-ல ஜெயில் வரைக்கும் போற குற்றம், மாசத்துக்கு 1.5 சதவீதம் வட்டியும் உண்டு. ஆனா அந்த வட்டி கவர்மென்டுக்கு, நமக்கில்ல.

விவரமா ஒரு வழிகாட்டி எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்போ பொறுமை இல்ல. இதை மட்டும் பண்ணுங்க.

அக்ரிமென்ட்ல "ப்ரொஃபஷனல் ஃபீஸ்"னு இருந்தா கையெழுத்துக்கு முன்னாடியே, வரி பிடிக்கறவங்களுக்கு வரித்துறை குடுக்கற டேன் நம்பரை அவங்ககிட்ட எழுதி வாங்குங்க. மாசப் பிடித்தம் அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள கட்டணும், மார்ச் மாசத்துது மட்டும் ஏப்ரல் 30. ஒவ்வொரு காலாண்டு ரிட்டர்ன் தேதி முடிஞ்சு பத்து நாள்ல இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல இ-ஃபைல் வழியா 26ஏஎஸ் திறங்க. உங்க பிடித்தத் தொகைக்கு நேரா 'எஃப்'னு இருக்கணும். 'யு'ன்னா பணம் பொருந்தல. காலியா இருந்தா அன்னைக்கே சண்டை போடுங்க, என்னை மாதிரி வருஷக் கடைசி வரைக்கும் ஆறப்போடாதீங்க.

32,000 ஃபீஸ், 3,200 டிடிஎஸ், 28,800 நெட்னு இருக்கற வவுச்சரையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் விட்டுடாதீங்க. பயோமெட்ரிக் லேட் மெசேஜ், லீவு சீட்டு, ஐடி கார்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. அதை வெச்சுத்தான் வேலூர் பிஎஃப் ஆபீஸ்ல, முதலாளி கட்ட வேண்டிய பிஎஃப் பாக்கியை முடிவு பண்ற 7ஏ விசாரணை கேட்டு எழுதிக் குடுக்கப் போறேன்.

இதே யூனிட்ல அதே "சீட்டு" பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவங்க இன்னும் ஆறு பேராவது பேட்டர்ன், கிளிக்கிங் (தோல் வெட்டற) செக்ஷன்ல இருக்காங்க. இதைப் படிச்சா, இன்னைக்கு ராத்திரியே 26ஏஎஸ் திறந்து பாருங்கப்பா.